சணல் கப்பலில் வந்த வேதாகமமா? 1812 ரஷ்யா பற்றி ஒரு விவாதம்

கடலோடி:

நண்பர்களே, நெடுநாளாக மனதில் கிடக்கும் ஒரு கருத்தை இங்கே வைக்கிறேன். மறுப்பவர்கள் விவரத்தோடு மறுக்க வேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

1813 ஜனவரியில் அன்றைய ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கில், வேதாகமத்தைப் பல மொழிகளில் அச்சிட்டுப் பரப்பத் தொடங்கப்பட்ட வேதாகமச் சங்கத்தை நாம் சமய வரலாற்றில் சேர்த்துப் படிக்கிறோம். என்னைக் கேட்டால் அது வணிக வரலாற்றில் சேர வேண்டியது.

1807ல் டில்சிட்டில் நெப்போலியனோடு உடன்பாடு செய்துகொண்ட ஜார் முதலாம் அலெக்சாண்டர், பிரிட்டனோடு இருந்த வணிகத்தை முறித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ரஷ்யாவின் சணல், ஆளிநார், மாட்டுக் கொழுப்பு, கப்பல் மரம் எல்லாவற்றுக்கும் பெரிய வாடிக்கையாளர் பிரிட்டன்தான். பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் கயிறு பெரும்பாலும் ரஷ்யச் சணலில் திரித்தது. அந்த வழி அடைபட்டதும் பண்ணைப் பிரபுக்களின் வருமானம் சரிந்தது. செலவைச் சமாளிக்க அச்சடித்துத் தள்ளிய காகித ரூபிள், 1811 வாக்கில் வெள்ளி ரூபிளில் ஏறத்தாழ கால் பங்குக்கு இறங்கிவிட்டது. 1810 டிசம்பர் கடைசியில் ஜார் புதிய சுங்க விதிகளைக் கொண்டுவந்தார். நடுநிலை நாட்டுக் கப்பல்களுக்குச் சலுகை, தரைவழி வரும் பிரெஞ்சு ஆடம்பரச் சரக்குக்குக் கடும் வரி. நெப்போலியனுக்கு அது பொறுக்கவில்லை.

இனி தேதிகளைப் பாருங்கள். 1812 ஜூன் 24ல் பிரெஞ்சுப் படை நீமன் ஆற்றைக் கடக்கிறது. ஜூலை 18ல் ஸ்வீடனின் ஓரெப்ரோ நகரில் ரஷ்யாவும் பிரிட்டனும் சமாதான ஒப்பந்தம் போடுகின்றன. அடுத்த மாதமே ஜான் பேட்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் போதகர், லண்டன் வேதாகமச் சங்கத்தின் சார்பாகப் பீட்டர்ஸ்பர்க் வந்து நிற்கிறார். டிசம்பரில் ஜார் அனுமதிக் கையெழுத்து இடுகிறார். 1813 ஜூனில் ரைக்கன்பாக் ஒப்பந்தப்படி பிரிட்டன் ரஷ்யாவுக்குப் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் போர் மானியம் தர ஒப்புக்கொள்கிறது.

ஐந்து ஆண்டுகள் எதிரியாக இருந்த நாட்டின் சங்கத்துக்கு, சமாதானமான ஆறே மாதத்தில் தலைநகரில் இடம் கிடைக்கிறது. துறைமுகம் திறந்ததன் தொடர்ச்சி இது, வேறொன்றும் இல்லை.

மார்த்தா:

கடலோடி ஐயா, தேதிகள் எல்லாம் சரி. ஆனால் ஆட்களின் கதையை நீங்கள் சொல்லவில்லை. சொன்னால் உங்கள் வாதம் நிற்காது.

பேட்டர்சனும் அவர் தோழர் எபனேசர் ஹெண்டர்சனும் ரஷ்யாவுக்குக் கிளம்பியவர்களே இல்லை. 1805ல் அவர்கள் புறப்பட்டது இந்தியாவுக்கு. கிழக்கிந்தியக் கம்பெனி தன் கப்பல்களில் மிஷனரிகளை ஏற்றாது. அதனால் டென்மார்க் கப்பல் பிடித்து, டென்மார்க் வசமிருந்த வங்காளத்தின் செராம்பூருக்குப் போகலாம் என்று கோபன்ஹேகனில் காத்திருந்தார்கள். அங்கேயே ஊழியம் தொடங்கி, தங்கிவிட்டார்கள். 1807 செப்டம்பரில் பிரிட்டிஷ் கடற்படை கோபன்ஹேகன் மீதே குண்டு பொழிந்தது. 1808ல் டென்மார்க்கிடமிருந்து செராம்பூரும் நம் தரங்கம்பாடியும் பிரிட்டன் கைக்குப் போயின. பேட்டர்சன் ஸ்வீடனுக்குப் போனார், பிறகு பின்லாந்து, அங்கிருந்து பீட்டர்ஸ்பர்க். இந்த மனிதரின் வழியை முதலில் அடைத்தது ஒரு பிரிட்டிஷ் வணிகக் கம்பெனி. அடுத்து அடைத்தது பிரிட்டிஷ் கடற்படை. இவரை பிரிட்டிஷ் வணிகத்தின் தூதர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் ராபர்ட் பிங்கர்டன். இவரும் ஸ்காட்லாந்துக்காரர். 1805ல் காகசஸ் மலையடிவாரத்தில் கராஸ் என்ற மிஷன் குடியிருப்புக்கு வந்தவர். பிரிட்டனும் ரஷ்யாவும் பகைநாடுகளாக இருந்த அந்த ஐந்து ஆண்டும் ரஷ்யாவுக்குள்தான் இருந்தார். பின்னர் மாஸ்கோவில் பிரபுக்கள் வீட்டில் ஆசிரியராக வேலை பார்த்தபடியே, வேதாகமச் சங்கம் தொடங்க ஆதரவு தேடினார். ஓரெப்ரோ ஒப்பந்தம் வருமுன்பே இந்தப் பேச்சு அங்கே இருந்தது.

கடலோடி:

பிங்கர்டனைப் பற்றி எழுதியதற்கு நன்றி. ஆனால் அவர் என் கருத்துக்குத்தான் உதவுகிறார். ஆசை இருந்தது, ஆள் இருந்தார், பிரபுக்களின் ஆதரவும் இருந்தது. அப்படியிருந்தும் 1811ல் சங்கம் பிறக்கவில்லையே? அனுமதி வந்தது சமாதானத்துக்குப் பிறகுதான். வித்து முன்பே கிடந்திருக்கலாம், மழை ஓரெப்ரோவில்தான் பெய்தது.

பழையகணக்கு:

நான் சுங்கவரி வரலாறு கொஞ்சம் படித்தவன், அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். இந்தச் சங்கம் வணிகத்தின் கருவி என்றால், சங்கம் வளரும்போது வணிகச் சலுகையும் வளர வேண்டும். சங்கம் விழும்போது வணிகமும் அடிபட வேண்டும். இரண்டுமே நடக்கவில்லை.

சங்கத்தின் தலைவர் இளவரசர் அலெக்சாண்டர் கோலிட்சின். ஜாருக்குச் சிறுவயது நண்பர். 1817ல் சமய விவகாரத்தையும் கல்வியையும் ஒன்றாக்கி ஒரு அமைச்சகம் அமைத்து, அதையே அவரிடம் கொடுத்தார் ஜார். 1820களின் தொடக்கத்தில் சங்கம் உச்சத்தில் இருந்தது. நாடு முழுக்க முந்நூறுக்கு அருகில் கிளைகள், சுமார் நாற்பது மொழிகளில் வேதப் புத்தகங்கள். அந்த உச்சத்தின் நடுவே, 1822ல் ரஷ்யா என்ன செய்தது? 1819ல் தளர்த்திய சுங்கவரியைத் தூக்கி எறிந்துவிட்டு, வெளிநாட்டுத் தொழிற்சாலைச் சரக்குக்குக் கடுமையான தடையும் வரியும் கொண்டுவந்தது. அதில் பெரிய அடி வாங்கியது பிரிட்டிஷ் ஆலைச் சரக்கு. வேதாகமச் சங்கம் யாரையும் தடுத்ததாகத் தெரியவில்லை.

1826ல் புதிய ஜார் முதலாம் நிக்கோலஸ் சங்கத்தை மூடினார். சணலும் மாட்டுக் கொழுப்பும் அதற்குப் பிறகும் லண்டனுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும், 1822க்கும் 1826க்கும், கடலோடி பதில் சொல்ல வேண்டும்.

நெல்லைவாசி:

நான் கடலோடி பக்கம். காரணம் வேறு. அன்றைய ரஷ்யர்களே இதை வெளிநாட்டு வேலை என்று நினைத்தார்கள். அவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்கிவிட முடியாது.

அட்மிரல் அலெக்சாண்டர் ஷிஷ்கோவ் 1812ல் ஜாரின் அரசுச் செயலர். மக்களைப் போருக்கு எழுப்பிய அறிக்கைகளை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். நாட்டுப் பற்றில் அவரைக் குறை சொல்ல ஆள் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி: ஆர்த்தடாக்ஸ் அல்லாதவர்கள், வெளிநாட்டுப் பணத்தோடு, நம் வேதத்தை நமக்கு அச்சடித்துத் தர ஏன் இவ்வளவு ஆவல்? 1824ல் துறவி ஃபோட்டி, பேராயர் செராஃபிம், ஜாரின் செல்வாக்கு மிக்க ஆலோசகர் அரக்சேயெவ் எல்லோரும் சேர்ந்து அழுத்தியதில் கோலிட்சின் பதவி போனது. கல்வி அமைச்சராக ஷிஷ்கோவே வந்தார்.

இன்னொன்று. பீட்டர்ஸ்பர்க்கில் நெவா ஆற்றங்கரையில் ஆங்கிலேயர் தேவாலயம் ஒன்று உண்டு. அதை நடத்தியது ரஷ்யா கம்பெனி, அதாவது ரஷ்யாவோடு வணிகம் செய்த பழைய ஆங்கிலக் கம்பெனி. போதகருக்குச் சம்பளமும் கம்பெனிதான். வணிகமும் வழிபாடும் அந்த ஊரில் ஒரே கூரையின் கீழ் இருந்தபோது, சந்தேகம் வராமல் எப்படி இருக்கும்?

மார்த்தா:

நெல்லைவாசி அண்ணா, அந்தத் தேவாலயம் ஆங்கில வணிகர்கள் தங்களுக்காக வைத்துக்கொண்டது. ரஷ்ய வேதாகமச் சங்கத்துக்குப் பெரிய கொடை ஜாரிடமிருந்தே வந்தது: 25,000 ரூபிள் ஒரே தவணையில், பிறகு ஆண்டுக்கு 10,000. லண்டன் சங்கம் தொடக்கத்தில் தந்தது 500 பவுண்டு. வெளிநாட்டுப் பணம் வரவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கதவைத் திறந்தவர் உள்ளே இருந்தவர். நாட்டின் மீது படையெடுப்பு, மாஸ்கோ தீயில் எரிகிறது, அந்த நாட்களில் வேதாகமத்தைக் கையில் எடுத்த ஒரு மனிதர் அலெக்சாண்டர். அவரது உள்மாற்றத்தைச் சணல் விலையில் கணக்கிட என்னால் முடியாது.

ஷிஷ்கோவின் கோபம் எதன் மேல் என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். முதல் அனுமதியில் கடுமையான எல்லை இருந்தது. ஆர்த்தடாக்ஸ் அல்லாதவர்களுக்கு, அவரவர் மொழிகளில் மட்டும். வழிபாட்டுக்கான பழைய மொழியான சர்ச் ஸ்லாவோனிக்கில் வேதத்தை அச்சிடுவது, ரஷ்யத் திருச்சபையின் ஆளும் குழுவான சினோடின் உரிமை. அந்த எல்லையைக் கடந்தது 1816ல், ஜார் மக்கள் பேசும் ரஷ்ய மொழியில் வேதத்தை மொழிபெயர்க்கச் சொன்னபோது. அந்தப் பணியை முன்னின்று நடத்தியவர் ஃபிலாரெட். அசல் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் துறவி, பின்னாளில் மாஸ்கோவின் பேராயர். 1818ல் நான்கு சுவிசேஷங்கள் வெளிவந்தன, ஒரு பக்கம் ஸ்லாவோனிக், மறுபக்கம் ரஷ்யன். ஷிஷ்கோவுக்கு ஸ்லாவோனிக் கோயில் மொழி. ரஷ்யன் வீட்டிலும் நாடக மேடையிலும் பேசுவது. வேதத்தை அந்த மொழிக்கு இறக்குவதே அவருக்குத் தாங்கவில்லை. இங்கிலாந்தைக் காட்டினார், ஆனால் வலித்தது இந்த இடத்தில்தான்.

அச்சாகி வந்த பழைய ஏற்பாட்டு ஆகமப் பிரதிகளை என்ன செய்தார்கள் தெரியுமா? அலெக்சாண்டர் நெவ்ஸ்கி மடத்தின் செங்கல் சூளையில் போட்டு எரித்தார்கள். முழு வேதாகமம் ரஷ்ய மொழியில் வெளிவர 1876 ஆயிற்று. இரண்டு தலைமுறை ரஷ்யர்கள் தாய்மொழியில் முழுதாகப் படிக்க முடியாமலே போனார்கள். எனக்கு இந்தக் கதையில் தூக்கம் கெடுக்கும் பகுதி அதுதான்.

வடக்குவாசல்:

விவாதத்தைச் சற்று அகலப்படுத்த விரும்புகிறேன். போர்க்கால ரஷ்யாவோடு பேசிய இன்னொரு சமயக் கூட்டம், போரையே எதிர்க்கும் கிறிஸ்தவர்களான குவேக்கர்கள். இவர்களில் பலர் வணிகர்கள். கடலோடியின் கருத்தைச் சோதிக்க இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை.

1814ல் லண்டன் வந்த அலெக்சாண்டர் குவேக்கர்களின் அமைதி வழிபாட்டில் போய் உட்கார்ந்தார். பிறகு தலைநகரைச் சுற்றியுள்ள சதுப்பு நிலத்தைச் சீர்செய்ய ஒரு குவேக்கர் விவசாயி வேண்டும் என்று கேட்டார். 1818ல் டேனியல் வீலர் குடும்பத்தோடு வந்தார். பல ஆண்டுகள் கால்வாய் வெட்டி நீரை வடித்துப் பயிர் நிலமாக்கினார். மனைவியையும் ஒரு மகளையும் அங்கே ஷுஷாரியில்தான் புதைத்தார்.

1854க்கு வாருங்கள். கிரிமியப் போர் மூளும் நேரம். ஜனவரிக் குளிரில் மூன்று குவேக்கர்கள் லண்டனிலிருந்து கிளம்புகிறார்கள்: பர்மிங்காம் தானிய வணிகர் ஜோசப் ஸ்டர்ஜ், பிரிஸ்டலின் ராபர்ட் சார்ல்ட்டன், டார்லிங்டனின் ஹென்றி பீஸ். ரீகா வழியாகப் பனிச்சறுக்கு வண்டியில் பீட்டர்ஸ்பர்க் போய், பிப்ரவரி 10ல் நிக்கோலசின் முன் நின்று போர் வேண்டாம் என்று விண்ணப்பம் வாசித்தார்கள். ஜார் மரியாதையாகக் கேட்டார். போர் நிற்கவில்லை, மார்ச் 28ல் பிரிட்டன் போர் அறிவித்தது. ஊர் திரும்பியவர்களைப் பத்திரிகைகள் ஏளனம் செய்தன.

அந்தக் கோடையில் பிரிட்டிஷ் கடற்படை அன்று ரஷ்யப் பேரரசில் இருந்த பின்லாந்தின் ராஹே, ஓலு துறைமுகங்களில் தாரையும் மரத்தையும் எரித்தது. பறிபோனது சாதாரண ஊர் மக்களின் பிழைப்பு. போர் முடிந்ததும் 1856ல் ஸ்டர்ஜ் பின்லாந்துக்கே போய் நிலைமையைப் பார்த்து, தன் நாட்டில் சுமார் 9,000 பவுண்டு திரட்டி நிவாரணம் அனுப்பச் செய்தார். தன் நாட்டுப் படை எரித்த ஊருக்கு ஒரு வணிகர் செய்தது இது.

உண்மையான போர்க்கால வணிக ராஜதந்திரம் வேறு இடத்தில் நடந்தது. அதே கிரிமியப் போர் நடக்கும்போதே ரஷ்யச் சணலும் கொழுப்பும் தரைவழியாகப் பிரஷ்யாவின் மெமெல் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து பிரிட்டனுக்குக் கப்பலேறின. நடுநிலைக் கொடியின் கீழ் வரும் எதிரிச் சரக்கைப் பிடிப்பதில்லை என்று பிரிட்டனே அறிவித்திருந்தது. அதற்கு ஒரு போதகரும் தேவைப்படவில்லை.

நெல்லைவாசி:

வீலர் குடும்பத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. படித்ததும் மனம் கனத்தது. ஆனாலும் ஒன்று: ஸ்டர்ஜ் நல்லவர் என்பதால் 1812ன் நோக்கமும் தூய்மை என்று ஆகிவிடாது.

கடலோடி:

எல்லோருக்கும் நன்றி. பழையகணக்கு வைத்த 1822ஐ நான் இதுவரை இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. "கருவி" என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் ஓரெப்ரோவை விட மாட்டேன். பிங்கர்டன் எத்தனை ஆண்டுகள் மாஸ்கோவில் காத்திருந்தாலும், பேட்டர்சன் எவ்வளவு உண்மையானவராக இருந்தாலும், பிரிட்டனோடு பகை நீடித்திருந்தால் அந்த டிசம்பரில் ஜாரின் மேசைக்கு அந்த மனு போயிருக்காது என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

மார்த்தா:

மேசைக்குப் போனதற்கு ஓரெப்ரோ காரணம் என்றால் ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. கையெழுத்துக்கு அது காரணமில்லை. பின்வாங்கும் பிரெஞ்சுப் படையைத் தொடர்ந்து ஜார் வில்னாவுக்கு (இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸ்) கிளம்பும் வேளை அது. எந்தக் காகிதத்தையும் தள்ளிவைக்கக் காரணம் இருந்தது. இதை அவர் தள்ளிவைக்கவில்லை.