ஐடி ஃபேன் ஷாஃப்ட்: பேரிங் உட்கார்ற இடம் தேய்ஞ்சுருச்சு, மெட்டல் ஸ்ப்ரே தாங்குமா?

புதுவயல் மில்லு:
வணக்கம். நெல் அவிக்கிற மில்லு, பாய்லருக்கு உமிதான். பாய்லர் புகையை இழுத்து வெளிய தள்ளுற ஐடி ஃபேன் ஷாஃப்ட்ல பேரிங் உட்கார்ற இடம் 75 மில்லி இருக்கணும், இப்ப 74.6. போன வருசமும் இதே கதை. ஒரு லேத்துல வெல்டிங் வச்சுக் கடைஞ்சு குடுத்தாக. நாலாம் மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு வெல்டிங் முடிஞ்ச ஓரத்துலயே ஒடிஞ்சிருச்சு. ஊறப்போட்ட நெல்லு பூராம் புளிச்சுப் போச்சு. இப்ப மெட்டல் ஸ்ப்ரே அடிங்கன்றாக. பெயிண்டு மாதிரி அடிக்கிறது பேரிங் பாரத்தைத் தாங்குமா?

பழைய கடைசல்காரன், காரைக்குடி:
பெயிண்டு இல்ல தம்பி. ரெண்டு கம்பி நுனியைக் கரண்ட்ல உருக்கி, காத்தை வச்சுத் துளித்துளியா அடிக்கிறது. ஷாஃப்ட் 150 டிகிரியைத் தாண்டாது, அதனால வளையாது. உங்க ஷாஃப்ட் அநேகமா இஎன்8ங்கிற ரக ஸ்டீல். அதுல கார்பன் 0.4 சதவீதம். முன்னாடியே சூடேத்தாம வெல்டிங் வச்சா ஓரம் கெட்டிச்சுப் போயி வெடிப்பு விடும். அதான் ஒடிஞ்சது.

ஆனா ஸ்ப்ரே உருகி ஒட்டுறதில்ல, சொரசொரப்பைக் கவ்விக்கிட்டு நிக்கிறது. பக்கத்துக்கு அரை மில்லி கடைஞ்சு எடுத்து, கிரிட் பிளாஸ்ட் பண்ணணும், அதாவது கூரான துகளைக் காத்துல அடிச்சுச் சொரசொரப்பாக்கணும். அப்புறம் வெறுங்கை படக்கூடாது, விரல் எண்ணெயே போதும் கெடுக்க. பிளாஸ்ட் பண்ணிப் போட்டுட்டு, ஈரக்காத்து நாள்ல மதியச் சாப்பாட்டுக்குப் போயிட்டு வந்து ஸ்ப்ரே அடிக்கிற ஆள்கிட்டக் குடுக்காதீங்க, அதுக்குள்ள துரு ஏறிரும். முதல்ல பிடிமானத்துக்கு நிக்கல் அலுமினியம் கம்பி, மேல 13 சதவீத குரோம் ஸ்டீல் கம்பி, கடைசியா கிரைண்டிங்.

பள்ளத்தூர்:
எங்க பம்பு ஷாஃப்டுக்கு அடிச்சோம். எமரித்தாள் தேய்ச்சதோட சரி, பிளாஸ்டிங்கே இல்ல. மூணே வாரத்துல அப்பளமா உரிஞ்சு வந்துச்சு.

புதுவயல் மில்லு:
அண்ணே, விசாரிச்ச இடத்துல ஜிங்க் கம்பின்னா விலை கம்மின்றாக.

பழைய கடைசல்காரன், காரைக்குடி:
ஜிங்க் துருவுக்கு. தான் அரிச்சுக்கிட்டு இரும்பைக் காப்பாத்தும். நம்ம காரைக்குடி செக்ரி, அதான் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காரக, மண்டபம் கடற்கரையில உப்புக்காத்துல தகடுகளை வச்சுப் பாக்குறாகளே, அந்த மாதிரி இடத்து வேலை அது. உங்களுக்குத் தேய்மானம். ஜிங்க் மெத்து, பேரிங் நசுக்கிப்புடும்.

இன்னொண்ணு. ஸ்ப்ரே அளவைத்தான் திருப்பித் தரும், பலத்தை இல்ல. கழட்டினதும் சிவப்புச் சாயம் போட்டு வெடிப்பு இருக்கான்னு பாருங்க.

புதுவயல் மில்லு:
பாத்தாச்சு அண்ணே. கீவே, அதான் சாவிக்கட்டை உட்கார்ற காடி, அது மூலையில முடி மாதிரி ஒரு கோடு. புது ஷாஃப்டே கடையச் சொல்லிட்டேன்.

பழைய கடைசல்காரன், காரைக்குடி:
நல்லது. சரியா 75 கடைஞ்சுறாதீங்க, பத்து இருபது மைக்ரான் கூட இருக்கட்டும். பேரிங்கைச் சூடேத்தி மாட்டுங்க, சுத்தியலால அடிச்சு ஏத்த வேணாம். உள்வளையம் லூசா சுத்தித்தான் பழசே தேய்ஞ்சிருக்கு.