புதுப்பிப்பு: காங்கேசன்துறை கப்பலுக்கு முந்தின நாள் எங்கே தங்குவது?

முன்பு இங்கே கேட்டிருந்தேன்: நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் போகும் காலைக் கப்பலைப் பிடிக்க முதல் நாள் ராத்திரி நாகையிலேயே தங்கலாமா, வேளாங்கண்ணியா, திருவாரூரா என்று. அம்மாவும் கூட வருகிறார் என்பதால்தான் இத்தனை யோசனை.

பலர் வேளாங்கண்ணி என்றீர்கள். லாட்ஜ்களுக்கு அங்கே பஞ்சமில்லைதான். ஆனால் சனி, ஞாயிறு கூட்டத்தில் அறை தேடுவதும், விடிவதற்கு முன் பெட்டியோடு ஆட்டோ பிடிப்பதும் அம்மாவுக்கு ஒத்துவராது. நாகையிலேயே, பேருந்து நிலையம் பக்கம் தங்கினோம். அறை சுமார்தான், ஆனால் துறைமுகம் கிட்டே.

தரங்கம்பாடியை விட்டுவிட்டோம். 1620இல் தொடங்கிய டேனிஷ் கோட்டையை அவசரமாகப் பார்ப்பதில் அர்த்தமில்லை. அதற்குப் பதில் சிக்கல் என்கிற ஊருக்குப் போனோம். 'சிக்கலில் வேல் வாங்கி செந்தூரில் சம்ஹாரம்' என்பார்களே, அந்தச் சிங்காரவேலர் கோயில்தான். அம்மாவை அங்கிருந்து கிளப்புவதே பெரும்பாடு.

சாயங்காலம் நாகூர் தர்கா. ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் கட்டிக்கொடுத்தது. அப்புறம் 'வாடா' என்கிற நாகூர்ப் பலகாரம். அரிசி மாவில் தட்டி, நடுவே இறாலைப் பதித்துப் பொரிப்பார்கள். ஓரம் மொறுமொறுவென்றும் நடுவில் மெத்தென்றும் இருக்கும்.

ராத்திரி மட்டும் இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடலில் சுமார் நாலு மணி நேரம், அலை இருந்தால் குமட்டும். வடகிழக்குப் பருவமழை சமயத்தில் கப்பல் ரத்தாவதும் உண்டு. அதனால் ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள், தேதி மாற்ற முடிகிற அறையாகப் பார்த்துப் போடுங்கள்.