மிட்ராண்டில் புது வீடு: பணத்தை ஹீட்டிங்கில் போடுவதா, கூரையிலும் சுவரிலும் போடுவதா?

மிட்ராண்ட் புதுமனை:
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் மிட்ராண்டில் ஒரு எஸ்டேட்டுக்குள் (தனக்கென்று விதிகள் வைத்திருக்கும் மதில் சூழ்ந்த குடியிருப்பு) மனை வாங்கி, வீட்டுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறோம். பில்டர் மூன்று விஷயங்களுக்கு இந்த வாரமே பதில் கேட்கிறார். ஹாலிலும் படுக்கையறைகளிலும் டைல்ஸுக்கு அடியில் மின்கம்பி ஹீட்டிங் வேண்டுமா? துணி துவைக்கும் அறையையும் காயப்போடும் முற்றத்தையும் தெற்குப் பக்கம் வைக்கலாமா? வெளிச்சுவர் ஃபேஸ்பிரிக்கா (பூசாமல் அப்படியே விடும் செங்கல்), பூசி பெயின்ட் அடிப்பதா? மதுரையிலிருந்து வந்து ஐந்து குளிர்காலம் வாடகை வீட்டில் நடுங்கிவிட்டோம். அதனால் ஹீட்டிங்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

பெனோனி அண்ணாச்சி:
தம்பி, தாராளமாகப் போடுங்கள். எங்கள் வீட்டில் ஒன்பது வருடமாக இருக்கிறது. ஜூலையில் விடிகாலை புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் என் அம்மா வெறுங்காலோடு பூஜையறைக்குப் போகிறார். மூட்டுவலிக்காரருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று கூட இருந்து பார்த்தால்தான் தெரியும். சிலிண்டர் வைத்த கேஸ் ஹீட்டர் பக்கம் போகாதீர்கள். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி அறைக்குள்தான் வரும், ஜன்னலெல்லாம் வியர்த்து வழியும். கதவு ஜன்னலை அடைத்து எரியவிட்டுத் தூங்கினால் உயிருக்கே ஆபத்து. தரைக்கம்பியை டைல்ஸ் ஒட்டிய பிறகு போட முடியாது. யோசித்துக்கொள்ளுங்கள்.

சென்டூரியன் கணக்கர்:
கேஸ் பற்றி அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. தரை ஹீட்டிங்கில்தான் நான் ஒத்துப்போக மாட்டேன். சதுர மீட்டருக்கு 150 வாட் என்று வைத்தால், 20 சதுர மீட்டர் ஹாலுக்கு 3 கிலோவாட். ஐந்து மணி நேரம் ஓடினால் 15 யூனிட், அதுவும் ஒரே ஒரு அறைக்கு. இன்வெர்ட்டர் ஏசி வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்து வருவதால், அதே சூட்டை ஐந்து, ஆறு யூனிட்டில் தந்துவிடும்.

அதைவிட முக்கியம் வேறொன்று. குளிர்காலத்திலும் பகலில் நல்ல வெயில் அடிக்கிற ஊர் இது. வீடுதான் அந்தச் சூட்டைப் பிடித்து வைப்பதில்லை. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், மேலே ஒன்றும் விரிக்காத சீலிங், கதவுக்கடியில் இரண்டு விரல் இடைவெளி. உங்கள் வாடகை வீட்டைப் போய்ப் பாருங்கள், இப்படித்தான் இருக்கும். முதல் பணம் சீலிங்குக்கு மேல் 135 மில்லிமீட்டர் கண்ணாடிக் கம்பளிக்குப் போகட்டும்.

அப்புறம், நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் தவறவிடும் ஒன்று: இங்கே சூரியன் வடக்கு வானத்தில் போகிறது. ஜூன் மாத நண்பகலில் 40 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், டிசம்பரில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். ஹாலுக்கு வடக்கே பெரிய ஜன்னல் வைத்து, கூரையைச் சுவருக்கு வெளியே 60 சென்டிமீட்டர் நீட்டுங்கள். டிசம்பர் நண்பகல் வெயில் கண்ணாடியைத் தொடாது. ஜூனில் கூரை விளிம்புக்குக் கீழே அரை மீட்டர்தான் நிழல் விழும், மிச்ச வெயில் முழுக்க உள்ளே வரும். அந்த டைல்ஸ் இருட்டிய பிறகும் வெதுவெதுப்பாக இருக்கும்.

மிட்ராண்ட் புதுமனை:
கணக்கு புரிகிறது. ஆனால் மாமனார் வாஸ்து பார்த்துத்தான் வரைபடத்துக்குச் சம்மதிப்பார். அதை மீற முடியாது.

சென்டூரியன் கணக்கர்:
மீற வேண்டியதே இல்லையே. வடக்கும் கிழக்கும் திறந்திருக்க வேண்டும், தெற்கும் மேற்கும் கனமாக இருக்க வேண்டும் என்றுதானே வாஸ்து சொல்கிறது? இந்த ஊர் வெயிலுக்கும் அதுதான் பொருந்தும். மாமனாரிடம் அப்படியே சொல்லுங்கள்.

பெனோனி அண்ணாச்சி:
தெர்மோஸ்டாட் இருக்கிறது தம்பி, ஐந்து மணி நேரமும் 3 கிலோவாட் இழுக்காது. ஏசி காற்றை மேலே சூடாக்கும், கால் சில்லென்றே இருக்கும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2023 மின்வெட்டில், ஆறாம் கட்டம் என்று நாளில் பல மணி நேரம் மின்சாரத்தை நிறுத்திய நாட்களில், எங்கள் தரையும் கல்லாகத்தான் கிடந்தது. பேட்டரியால் இதை இழுக்க முடியாது.

சென்டூரியன் கணக்கர்:
கீஸரும் அப்படித்தான். புது வீட்டில் சுடுநீரில் பாதியையாவது சாதாரண மின்சுருள் இல்லாமல் சூடாக்க வேண்டும் என்று 2011-லிருந்தே கட்டட விதி இருக்கிறது. சோலாரோ, காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குத் தரும் ஹீட் பம்ப்போ இப்போதே வரைபடத்தில் காட்டுங்கள்.

லெனேசியா அக்கா:
எல்லோரும் ஹீட்டரிலேயே நிற்கிறீர்கள். தினம் துணி துவைக்கிறவள் நான், அதைச் சொல்கிறேன். தெற்கு முற்றத்துக்கு அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். உங்கள் வீட்டுக் கூரை விளிம்பு 3 மீட்டர் உயரம் என்றால், ஜூன் மதியத்தில் அதன் நிழல் மூன்றரை மீட்டர் தூரம் விழும். முற்றம் அதைவிடக் குறுகலாக இருந்தால் தரையில் வெயிலே படாது, பாசி பிடிக்கும். முடிந்தால் கிழக்குப் பக்கம் தள்ளுங்கள். முடியாவிட்டால் கொடியைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டராவது விலக்கி, தலை உயரத்தில் கட்டுங்கள், மதிய வெயில் எட்டும்.

எங்கள் குளிர்காலத்தில் காற்று வறண்டு இருப்பதால் துணி சீக்கிரம் காயும். கோடையில்தான் தொல்லை. பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு இடி மழை வந்துவிடும், சில நாள் ஆலங்கட்டியும் சேர்ந்து. வேலைக்குப் போகிறவர்கள் ஓடி வந்து எடுக்க முடியாது. ஆகவே கொடிக்கு மேல் பாதிக்காவது ஒளி ஊடுருவும் கூரை போடுங்கள். துவைக்கும் அறைத் தரையில் தண்ணீர் போக ஒரு வாய் வைக்கச் சொல்லுங்கள். மெஷின் குழாய் பிடுங்கிக்கொண்டு வீடெல்லாம் தண்ணீர் நின்றதைப் பார்த்தவள் நான்.

சுவருக்கு ஃபேஸ்பிரிக். அப்பா கட்டிய வீட்டில் இன்றுவரை பெயின்ட் செலவு இல்லை. முதல் மழைக்குப் பிறகு வெள்ளையாக உப்புப் பூக்கும், பயப்படாமல் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள்.

பெனோனி அண்ணாச்சி:
அக்கா, ஃபேஸ்பிரிக் வீட்டை இருட்டாகக் காட்டுகிறது. நல்ல பூச்சு, நல்ல பெயின்ட், பார்க்கவே மனது நிறையும்.

லெனேசியா அக்கா:
நிறையும் தம்பி. சில வருடத்தில் சாரம் கட்டி மறுபடி அடிக்கும்போது பணப்பை காலியாகும். பூச்சு நன்றாகக் காய ஒரு மாதம் விடாமல் பெயின்ட் அடித்தால் உரியும். அவசரத்தில் எந்த பில்டர் காத்திருக்கிறார்? புது வீடுகளையும் பில்டர்களையும் பதிவு செய்யும் என்எச்பிஆர்சி அமைப்பில் பதிவு இருந்தாலும், சின்னக் குறைகளுக்கு பில்டர் பொறுப்பு மூன்று மாதம்தான். கூரை ஒழுகலுக்கு ஒரு வருடம், கட்டுமானப் பெருங்குறைக்கு ஐந்து வருடம். பூச்சில் முடி போல விரிசல் நாலாவது மாதம் வந்தால் அது உங்கள் செலவு.

மிட்ராண்ட் புதுமனை:
இரவு மனைவியோடு உட்கார்ந்து பேசினோம். கம்பளியும் வடக்கு ஜன்னலும் உறுதி. ஹாலுக்கு ஏசி. தரை ஹீட்டிங் மாமனார் அறைக்கும் குளியலறைக்கும் மட்டும். முற்றம் கிழக்கே போகிறது. எஸ்டேட் விதியில் தெருப்பக்கச் சுவர் பூசியிருக்க வேண்டுமாம், அதனால் முன்பக்கம் பூச்சு, மற்ற மூன்று பக்கமும் ஃபேஸ்பிரிக்.

பெனோனி அண்ணாச்சி:
பூஜையறையை விட்டுவிட்டீர்களே தம்பி. இரண்டு சதுர மீட்டர்தான் வரும், 300 வாட். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சென்டூரியன் கணக்கர்:
அந்த 300 வாட்டுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை.