40 புராஜெக்ட், ஒரு எக்செல்: சிஸ்டம்ஸ் திங்கிங்கை எங்கிருந்து ஆரம்பிப்பது?

குழப்பவாதி:

வணக்கம். ஒரு ஐடி கம்பெனியில் பிஎம்ஓ-வில், அதாவது எல்லா புராஜெக்ட்டையும் கண்காணிக்கும் அலுவலகத்தில், ஆறு வருடமாக இருக்கிறேன். ஒவ்வொரு வியாழக்கிழமையும் 40 புராஜெக்ட்டின் மேனேஜர்களைத் துரத்தித் துரத்தி ஸ்டேட்டஸ் வாங்கி, ஒரு பெரிய எக்செல்லில் ஒட்டி, வெள்ளிக்கிழமை மேலே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு ஸ்லைடாக அனுப்புவதுதான் என் வேலை. இந்த வருடம் தொலைநிலையில் எம்பிஏ சேர்ந்திருக்கிறேன். இந்தப் பருவத்தில் இரண்டு தாள், ஒன்று சிஸ்டம்ஸ் திங்கிங், இன்னொன்று தகவல் மேலாண்மை. இரண்டையும் சேர்த்து ஒரு புராஜெக்ட் போர்ட்ஃபோலியோவுக்கு (ஒரு கம்பெனியின் மொத்த புராஜெக்ட் தொகுப்பு) பயன்படுத்திக் காட்டு என்று அசைன்மென்ட்.

சிஸ்டம்ஸ் திங்கிங் பாடத்தைத் திறந்தால் வட்டமும் அம்புக்குறியும்தான். எல்லாம் எல்லாவற்றோடும் பின்னிக் கிடக்கிறது என்று படிக்கும்போது கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்ட மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய் அதை வைத்து என்ன செய்வது? மற்ற தாள் இதற்கு நேர் எதிர். மாஸ்டர் டேட்டா, மெட்டாடேட்டா (டேட்டாவைப் பற்றிய டேட்டா), எந்த ஃபைலை யார் திறக்கலாம், எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும்... படிக்கப் படிக்கத் தூக்கம் வருகிறது. இரண்டும் ஒட்டவே மாட்டேன் என்கின்றன.

கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போன தீபாவளிக்கு முன்னால் எங்கள் புராஜெக்ட் ஒன்று பதினோரு வாரம் தொடர்ந்து பச்சை. பன்னிரண்டாவது வாரம் மஞ்சளைக்கூடத் தொடாமல் நேராகச் சிவப்பு, மூன்று மாதத் தாமதம். திட்டு வாங்கியது நான். டேட்டா தப்பா, எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையா? பவர் பிஐ (டேட்டாவை வரைபடமாகக் காட்டும் மென்பொருள்) கற்றுக்கொள், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் டீம் லீடர்.

ரயிலடி:

பதினோரு வாரப் பச்சையைப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். இதற்கு எங்கள் தொழிலில் தர்பூசணி என்று பெயர். வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு.

நான் லண்டனில் ரயில்வே வேலையில் இருக்கிறேன். அசைன்மென்ட்டுக்கு ஒரு நல்ல உதாரணம் வேண்டுமென்றால் லண்டனைக் கிழக்கு மேற்காகக் கடக்கும் கிராஸ்ரெயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் அதில் வேலை பார்த்ததில்லை, பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2019-இல் போட்ட அறிக்கையைப் படித்துச் சொல்கிறேன். 2018 டிசம்பரில் திறக்க வேண்டிய பாதை. திறக்க முடியாது என்று வெளியே சொன்னது அதே வருடம் ஆகஸ்ட் 31-இல். கடைசியில் ரயில் ஓடியது 2022 மே 24. ஏதோ ஒரு விபத்தால் மட்டும் தாமதமானதில்லை. 36 முக்கிய ஒப்பந்தங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணை, சிக்கல் பெரும்பாலும் முளைத்தது அவை ஒன்றையொன்று தொடும் இடத்தில். சுரங்கத்துக்குள் ஒரு சிக்னல் முறை, ஹீத்ரோ பக்கம் இன்னொன்று, பழைய பாதைகளில் மூன்றாவது, ஒரே ரயில் மூன்றோடும் பேச வேண்டும்.

இப்போது உங்கள் வட்டத்தை இதில் போட்டுப் பாருங்கள். டிசம்பர் தேதியைத் தொடக்கூடாது என்று இருந்தார்கள். வேலை தாமதமாகத் தாமதமாக, கட்டுமானத்தையும் ரயிலை ஓட்டிப் பார்க்கும் சோதனையையும் ஒரே நேரத்தில் நடத்தப் பார்த்தார்கள். சுரங்கத்துக்குள் ஆட்கள் வேலை செய்யும்போது ரயிலை ஓட்ட முடியுமா? சோதனைக்குக் கிடைத்த நேரம் குறைந்தது, தாமதம் கூடியது, தேதி நகராததால் இன்னும் நெருக்கினார்கள். 36 ஒப்பந்தத்தையும் தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொருவரும் தன் வேலை எத்தனை சதவீதம் முடிந்தது என்று சொல்வார்கள், இந்தச் சுழல் யாருடைய ரிப்போர்ட்டிலும் வராது.

அடுத்து உங்கள் ஆபீஸ். அங்கே ஒருவர் சிவப்பு போட்டால் அவருக்கு என்ன நடக்கும்? என் அனுபவத்தில், உடனே ஒரு கூட்டம், விளக்கம், தினமும் ஒரு கூடுதல் ரிப்போர்ட். உதவிக்கு ஒரு ஆள்கூட வரமாட்டார். அதைப் பார்த்த மற்றவர்கள் அடுத்த முறை முடிந்தவரை பச்சையிலேயே இழுப்பார்கள். ஆக, நீங்கள் ரிப்போர்ட்டை எப்படி வாங்குகிறீர்கள், வாங்கி என்ன செய்கிறீர்கள் என்பதும் அந்த வட்டத்துக்குள் ஒரு அம்புக்குறிதான். நீங்கள் வெளியே நின்று படம் பிடிக்கவில்லை. உங்கள் இரண்டு தாளும் ஒட்டுகிற இடம் இதுதான் என்பேன்.

கணக்குப்பிள்ளை:

ரயிலடி சொல்வது சரி. ஆனால் அதையே பிடித்துக்கொண்டால் கடைசியில் "மனம் திறந்து பேசுங்கள்" என்று ஒரு நாள் பயிலரங்கு நடத்தி, சமோசா கொடுத்து அனுப்பிவிடுவார்கள். முதலில் எண்ணுங்கள் சார்.

லிட்டில் விதி என்று ஒன்று உண்டு, ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்தது. கையில் இருக்கும் வேலையை, முடிகிற வேகத்தால் வகுத்தால் ஒரு வேலை உள்ளே கிடக்கும் சராசரிக் காலம் கிடைக்கும். 40 புராஜெக்ட் ஓடுகிறது, வருடத்துக்குப் பத்துதான் முடிகிறது என்று வையுங்கள், சராசரியாக ஒன்று நாலு வருடம் கிடக்கும். எந்த மேனேஜரை மாற்றினாலும், எத்தனை டாஷ்போர்டு போட்டாலும் அந்த நாலு குறையாது. ஒன்று முடிகிற வேகம் கூட வேண்டும், இல்லையென்றால் ஆரம்பிப்பதைக் குறைக்க வேண்டும். ஆரம்பிப்பதைக் குறை என்று மேலே சொல்ல எந்த பிஎம்ஓ-வுக்கும் வாய் வராது, அது வேறு கதை.

அப்புறம், எல்லாரும் வரிசையில் நிற்கும் ஒரு ஆளோ ஒரு இயந்திரமோ எங்கே என்று பாருங்கள். வேலைகள் ஒழுங்கில்லாமல் வந்து விழும்போது, எளிய வரிசைக் கணக்குப்படி, ஒருவர் 80 சதவீத நேரம் பிசியாக இருந்தால் அவரிடம் வரும் வேலை, அதைச் செய்ய ஆகும் நேரத்தைப் போல 4 மடங்கு காத்திருக்கும். 90 சதவீதம் என்றால் 9 மடங்கு. 95 என்றால் 19. ஆளை நூறு சதவீதம் பயன்படுத்துகிறோம் என்று பெருமையாக ஸ்லைடு போடுகிறவர்களுக்கு இதை ஃபிரேம் போட்டுக் கொடுக்கலாம்.

தூக்கம் வருகிறது என்றீர்களே, அந்தத் தாள் இங்கேதான் வேண்டும். எண்ணப் போனால் எண்ண முடியாது. நிதித்துறையில் புராஜெக்ட்டுக்கு ஒரு கோட், டைம்ஷீட்டில் வேறு பெயர், வேலைகளைப் பதிவு செய்யும் ஜிரா மென்பொருளில் மூன்றாவது பெயர். "ஓடுகிறது" என்றால் என்ன? ஒப்புதல் கிடைத்ததா, ஆள் போட்டாயிற்றா, முதல் பில் வந்ததா? இதை ஒரு பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு சொந்தக்காரர் பெயர் போடுவதற்குத்தான் மாஸ்டர் டேட்டா என்று பெரிய பெயர்.

ஒரு சின்ன வேலை செய்யுங்கள், இலவசம். கலரோடு, எப்போது முடியும் என்று நினைக்கிறீர்கள் என ஒரு தேதி கேளுங்கள். போன வாரம் சொன்ன தேதியை அழித்துவிட்டு எழுதாதீர்கள், பக்கத்தில் புதிய நெடுவரிசை. நாலு வாரத்தில் தேதி எப்படி நகர்கிறது என்று தெரிந்துவிடும். உங்கள் எக்செல் ஒவ்வொரு வியாழனும் தன் ஞாபகத்தைத் தானே அழித்துக்கொள்கிறது, பதினோரு வாரப் பச்சைக்குப் பாதிக் காரணம் அதுதான்.

குழப்பவாதி:

இரண்டு நாள் கழித்து வருகிறேன். எண்ணினேன். என் பட்டியலில் 40. டைம்ஷீட்டில் பதிவான பெயர்களை எடுத்து ஒன்றாக்கியபோது 53! மீதி 13-இல் சில போன வருடமே "முடிந்தவை", சிலவற்றுக்கு யாரும் ஒப்புதலே கொடுக்கவில்லை, யாரோ ஒரு மேலாளருக்குப் பிடித்ததால் நடக்கிறது. இன்னொன்று, 17 புராஜெக்ட் ஒரே டெஸ்டிங் சர்வருக்கு வரிசையில் நிற்கின்றன. தீபாவளிக்கு முன் கவிழ்ந்ததும் அதில் ஒன்று. இந்த சர்வர் என் எக்செல்லில் எந்த வரியிலும் இல்லை.

சரி, அசைன்மென்ட்டில் எந்தக் கோட்பாட்டின் பெயரை எழுதுவது? பாடத்தில் ஏழெட்டு இருக்கின்றன.

செவ்வந்தி:

எல்லாவற்றையும் எழுதாதீர்கள், திருத்துகிறவருக்கு அதைவிட எரிச்சல் எதுவும் இல்லை (நானும் திருத்துகிறவள்தான்). கேள்விக்கு ஏற்ற ஒன்றை எடுங்கள்.

தாமதமும் வரிசையும்தான் பிரச்சினை என்றால் ஜே ஃபாரஸ்டரின் சிஸ்டம் டைனமிக்ஸ். கணினிக்கான காந்த நினைவகம் உருவாக்கியவர், 1956-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மேலாண்மைப் பள்ளிக்கு வந்தார். ஜெனரல் எலெக்ட்ரிக்கின் கென்டக்கி ஆலைகளில் ஆள் எடுப்பது ஒரு சமயம் ஏறி, ஒரு சமயம் விழுந்துகொண்டே இருந்தது, சந்தைதான் காரணம் என்று சொல்வது எளிது, ஆனால் அது முழுதாகப் பொருந்தவில்லை. ஃபாரஸ்டர் ஒரு நோட்டில் கையால் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆர்டர் சீராக வந்தாலும் அந்த ஏற்ற இறக்கம் வருகிறது, ஏனென்றால் அது சரக்கிருப்புத் தகவலைப் பார்த்து அவர்களே முடிவெடுக்கும் விதத்துக்குள் இருந்தது. தகவல், முடிவு, தாமதம் மூன்றும் ஒரே படத்தில் இருக்கிறது பாருங்கள், உங்கள் இரண்டு தாளும் ஒன்றாகத்தான் பிறந்தன.

புராஜெக்ட் எதற்கு என்பதிலேயே ஆளாளுக்கு ஒரு கருத்து என்றால் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் பீட்டர் செக்லண்ட் உருவாக்கிய சாஃப்ட் சிஸ்டம்ஸ் முறைப் பக்கம் போகலாம். ஒப்புதல் இல்லாமல் ஓடுகிறவற்றுக்கு அது பொருந்தும்.

நீங்கள் கேட்ட கலர் விஷயத்துக்கு நான் ராஸ் ஆஷ்பியை எடுப்பேன். 1956-இல் அவர் எழுதிய விதியை நம் பேச்சில் சொன்னால், கட்டுப்படுத்துகிறவரிடம் இருக்கும் வகைகள், எதிரே வரும் குழப்பத்தின் வகைகளுக்கு ஈடு கொடுக்க வேண்டும். 53 புராஜெக்ட்டின் சிக்கலை மூன்று கலரில் அடக்கினால் பிதுங்கத்தான் செய்யும். இதை வைத்து ஸ்டாஃபர்ட் பீர் சிலி நாட்டில் 1971 முதல் 1973 ராணுவப் புரட்சி வரை சைபர்சின் என்ற ஆலைக் கண்காணிப்பு அமைப்பைக் கட்டினார். ஆலைகளிலிருந்து டெலக்ஸில் (அந்தக் காலத் தட்டச்சுத் தந்தி) எண்கள் வரும், வழக்கத்துக்கு மாறாக இருந்தால் முதலில் அந்த ஆலைக்கே எச்சரிக்கை. குறித்த நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால்தான் மேலே போகும். உங்கள் சிவப்பையும் இப்படி அமைத்துப் பாருங்கள், ரயிலடி சொன்ன பயம் கொஞ்சம் குறையும்.

படம் வரையும்போது ஒன்று. "மேனேஜர் பயப்படுகிறார்" என்று எழுதாதீர்கள், "சிவப்பு போடத் தயக்கம்" என்று கூடவும் குறையவும் முடிகிற பெயராக எழுதுங்கள். தாமதம் இருக்கும் அம்பில் இரண்டு கோடு போட மறக்காதீர்கள், பாதி மாணவர்கள் கோட்டை விடுவது அங்கேதான். இந்தப் படங்களை வரைய வென்சிம் பிஎல்இ என்ற மென்பொருள் கல்விக்கு இலவசம். பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டி ஓப்பன்லேர்ன் தளத்திலும், எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்திலும் போட்டிருக்கும் பாடங்களும் இலவசம்தான்.

ரயிலடி:

அந்த 13-ஐ மேலே எப்படிச் சொல்லப் போகிறீர்கள்? சிவப்பு கலரிலா?

குழப்பவாதி:

இன்னும் சொல்லவில்லை அண்ணா. நாளை வியாழன். போன் போடுவதை மத்தியானத்துக்குத் தள்ளிவிட்டேன். காலையில் அந்த டெஸ்டிங் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் போய் யார் யார் எத்தனை நாளாக வரிசையில் நிற்கிறார்கள் என்று கேட்கப் போகிறேன். ஆறு வருடத்தில் அவரிடம் நான் ஸ்டேட்டஸ் கேட்டதே இல்லை.