புதுப்பிப்பு: மணற்காட்டுக்கு நாயோடு போய் வந்தோம்

பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்தின் மணற்காடு கடற்கரையில் ஓர் இரவு கூடாரம் போடப் போகிறோம், நாயையும் கூட்டிப்போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு, நாய் சுகம். சுண்டிக்குளத்துக்கும் போகலாம் என்ற யோசனையைக் கைவிட்டோம். அது தேசியப் பூங்கா, உள்ளே வளர்ப்பு நாயைக் கொண்டுபோக முடியாது.

மூன்று மணிக்கு மணலில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். என் கையே தாங்கவில்லை, நாயின் பாதம் எப்படித் தாங்கும்? வெயில் தாழும்வரை சவுக்கு நிழலில் கட்டிவைத்தோம்.

யாரும் சொல்லாத தொல்லை இராவணன் மீசை. அந்தப் புல்லின் முனை ஊசிதான். நாயின் விரலிடுக்கில் ஒன்று ஏறி, டோர்ச் வெளிச்சத்தில் மனுசிதான் பிடுங்கி எடுத்தார்.

வெங்காயம் கொடுக்காதே என்று எச்சரித்தவருக்கு நன்றி. அது நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் என்று தெரியாமல் இவ்வளவு நாளும் குழம்புச்சோறு போட்டிருக்கிறேன். (யாழ்ப்பாணத்தில் வெங்காயமில்லாத குழம்புக்கு எங்கே போவது!) இந்த முறை வெறுஞ்சோறும் முள் எடுத்த அவித்த மீனும்.

இரவு? நண்டுகளைக் கண்டு இரண்டு மணிவரை குரைத்தது. அப்புறம் சின்னவனின் போர்வைக்குள் புகுந்துவிட்டது. வந்து மூன்று நாளாகியும் நாயின் காதுக்குள் உண்ணி பிடுங்கிக்கொண்டிருக்கிறோம்.