இரிடியம் பிளக் போட்டா பவர் ஏறுமா?

கேள்வி:
என் பெட்ரோல் கார்ல சாதா நிக்கல் ஸ்பார்க் பிளக் இருக்கு, இரிடியம் மாத்தி கேப்பையும் (ஸ்பார்க் தாண்டுற இடைவெளி) கொஞ்சம் கூட்டினா பிக்கப் நல்லா வரும்னு சொல்றாங்க, எலக்ட்ரோடை (ஸ்பார்க் அடிக்கிற முனை) அரம் வெச்சு தேய்க்கிறதும் உண்டாம், செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க பாஸ்.

பதில்:
ஸ்டாக் இன்ஜின்ல (கம்பெனில இருந்து வந்தபடியே இருக்கிறது) பவர் பெருசா ஏறாதுங்க. இரிடியத்துல சென்டர் எலக்ட்ரோட் 0.4-0.6 மிமீ, சாதாவுல சுமார் 2.5 மிமீ, அதனால கம்மி வோல்ட்டேஜ்லயே ஸ்பார்க் அடிக்கும், உருகுநிலையும் 2,400 டிகிரிக்கு மேல, சீக்கிரம் தேயாது, காசு அதுக்குத்தான்.

பதில்:
கேப்பை இஷ்டத்துக்கு கூட்டாதீங்க, ஸ்பார்க்குக்கு வோல்ட்டேஜ் குடுக்கிற இக்னிஷன் காயில் மேல லோடு ஏறி மிஸ்ஃபயர் ஆகும் (ஸ்பார்க் சரியா பத்தாது), டர்போன்னா இன்னும் மோசம். இரிடியம் முனையை அரத்தால தொடவே தொடாதீங்க, ஒடிஞ்சிரும்.

பதில்:
முதல்ல ஹீட் ரேஞ்ச் பாருங்க, அதாவது பிளக் முனை சூட்டை எவ்வளவு வேகமா வெளியே கடத்துதுன்னு. என்ஜிகே, டென்சோ பிராண்டுல நம்பர் ஏற ஏற கோல்ட் (cold, சூட்டை வேகமா கடத்துற) பிளக், பாஷ் பிராண்டுல அப்படியே தலைகீழ். ரொம்ப ஹாட்டா போட்டா ப்ரீ-இக்னிஷன் (ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோல் பத்திக்கிறது) வந்து பிஸ்டனே போயிடும்.