புதுப்பிப்பு: நாலு சுவரிலும் ஓவியம் ஓடும் கண்காட்சி – நிழல், பட்டை, எதிரொலிக்குக் கிடைத்த தீர்வு

காட்பாடியில் ஒரு பழைய ஹாலில் ஓவிய நண்பரின் படைப்புகளைச் சுவர் முழுக்கப் புரொஜெக்டரில் ஓடவிடும் கண்காட்சிக்கு யோசனை கேட்டிருந்தேன். பார்ப்பவர் நிழல் படத்தில் விழுந்தது, இரண்டு படம் சேரும் இடத்தில் வெளிச்சப் பட்டை தெரிந்தது, ஒலி எதிரொலித்தது. பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

நிழலுக்கு, ஷார்ட் த்ரோ புரொஜெக்டரை (குறைந்த தூரத்திலிருந்தே பெரிய படம் காட்டுவது) சுவருக்குப் பக்கத்தில் மேலே மாட்டச் சொன்னதே கைகொடுத்தது.

பட்டைக்கு எட்ஜ் பிளெண்டிங். பக்கத்துப் படங்களைச் சுமார் 15 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, அந்த ஓரத்தில் இரண்டின் வெளிச்சத்தையும் படிப்படியாகக் குறைத்தோம். நண்பரின் செம்மண் நிறத் தீற்றல் மூலையில் உடையாமல் அடுத்த சுவருக்கு ஓடுவதைப் பார்க்க அவ்வளவு நிறைவு! கறுப்புக் காட்சிகளில் மட்டும் பட்டை லேசாகத் தெரியும். புரொஜெக்டரால் முழுக் கறுப்பைக் காட்ட முடியாது; படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் இரண்டின் மிச்ச வெளிச்சமும் சேர்ந்துவிடும், அதனால்தான்.

எதிரொலியை, பின்சுவரில் சற்று இடைவெளி விட்டுத் தொங்கவிட்ட கனத்த ஜமுக்காளங்கள் அடக்கிவிட்டன.

எதிர்பாராதது வெயில். வேலூர் மே மாதம், மேலே தகரக் கூரை. மதியத்தில் புரொஜெக்டர் சூடேறித் தானாக அணைந்தது. கூரையடியில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்த அப்புறம் அணையவில்லை. கோடையில் செய்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.